தோலுக்கு உள்ளே ஊரும் எறும்பு: மாதவிடாய் நிற்கும் வயதில் நரம்புகள் செய்யும் வேலை

போன வருடம், மழைக்காலம் முடிகிற சமயம். சாயந்தரம் ஆறரை மணி. மும்பை சிஎஸ்எம்டி ஸ்டேஷனில் ஏறி, ஹார்பர் லைன் ரயிலின் லேடீஸ் டப்பாவில் நின்றுகொண்டிருந்தேன். மஸ்ஜித் தாண்டியதும் இடது கெண்டைக்காலில் எறும்பு ஏறுவது போலிருந்தது. ஒன்றிரண்டு இல்லை, வரிசையாக. குனிய இடமில்லாத கூட்டம். வலது பாதத்தால் தேய்த்துப் பார்த்தேன், நிற்கவில்லை. வடாலாவில் உட்கார இடம் கிடைத்ததும் சல்வாரைத் தூக்கிப் பார்த்தேன். தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை, கடித்த தடம்கூட இல்லை. பக்கத்தில் இருந்த மராத்தி அம்மா கேட்டார்: "முங்க்யா ஆல்யா கா?" எறும்பு வந்துவிட்டதா என்று அர்த்தம். கைகால் விறுவிறுப்பதை மராத்தியில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

செம்பூரில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான், இது முதல் தடவை இல்லை என்று உறைத்தது. முந்தின மாதம் ஒரு ராத்திரி தோள்பட்டையில் சுரீரென்று கரண்ட் அடித்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிடம் நெஞ்சிலிருந்து முகம் வரை குப்பென்று சூடு ஏறி, நைட்டி நனைகிற அளவுக்கு வியர்த்தது. எனக்கு அப்போது 47 வயது. ஒரு வருடமாகவே மாதவிடாய் நாள் தள்ளித் தள்ளி வந்துகொண்டிருந்தது. ஆனாலும் இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. சூடு ஏறும், கோபம் வரும், தூக்கம் கெடும், எலும்பு தேயும் என்றெல்லாம் அம்மாவும் பெரியம்மாவும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எறும்பைப் பற்றி ஒருவரும் சொன்னதில்லை.

மருத்துவத்தில் இதற்கு ஃபார்மிகேஷன் என்று பெயர். லத்தீனில் ஃபார்மிகா என்றால் எறும்பு. அந்தக் கால ரோமாபுரிப் பெண்ணுக்கும் மராத்தி அம்மாவுக்கும் நமக்கும் தோலுக்கடியில் ஓடுவது ஒரே பூச்சிதான் போல. அந்தப் பெயர் தெரிந்த அன்றைக்கு எனக்குப் பாதி பயம் போனது. மீதிப் பாதி போகக் கூடாது, அதற்கும் வேலை இருக்கிறது என்பது பிறகு புரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். கடைசி மாதவிடாய் வந்து 12 மாதம் முழுதாக வராமல் இருந்தால் அதற்குப் பெயர் மெனோபாஸ். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் வருகிறது. மேற்கு நாடுகளில் 51. அதற்கு முன்னால் உள்ள சில வருடங்களைப் பெரிமெனோபாஸ் என்கிறார்கள். தொந்தரவு பெரும்பாலும் இந்த இடைக்காலத்தில்தான் ஆரம்பிக்கிறது. இந்தச் சமயத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் படிப்படியாகக் குறையும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நிஜத்தில் அது ஏறி இறங்கி, திரும்ப ஏறி விழுகிறது. சில மாதங்களில் இளவயதில் இருந்ததைவிட அதிகமாகக்கூடப் போகும். அதனால்தான் 45 வயது தாண்டிய பெண்ணுக்கு ஹார்மோன் ரத்தப் பரிசோதனை வழக்கமாகத் தேவையில்லை என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு சொல்கிறது. இன்றைக்கு எடுத்த அளவு அடுத்த வாரம் இருக்காது.

ஈஸ்ட்ரோஜனைக் கர்ப்பப்பையின் ஹார்மோன் என்று மட்டும் நினைப்பதால்தான் இந்த எறும்பு நமக்குப் புதிராக இருக்கிறது. மூளையிலும், தண்டுவடத்திலும், தோலிலிருந்து சேதி கொண்டுவரும் நரம்புச் செல்கள் முதுகெலும்பை ஒட்டிக் குவிந்திருக்கும் முடிச்சுகளிலும் ஈஸ்ட்ரோஜனின் சேதியைப் பிடிக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. வலி, சூடு, அரிப்பு இவற்றை எந்த அளவுக்கு உரக்கச் சொல்ல வேண்டும் என்பதில் அந்த ஹார்மோனுக்குப் பங்கு உண்டு. செரோடோனின், நார்அட்ரினலின் போன்ற மூளை ரசாயனங்களின் அளவையும் அது பாதிக்கிறது. அந்த ஹார்மோன் ஒரு நாள் நிரம்பி, மறுநாள் வற்றினால் நரம்புகளுக்கு நிதானம் தப்புகிறது. வாசலில் ஆளே இல்லாமல் காலிங் பெல் அடிப்பது போல, தோலில் எதுவும் படாமலே சேதி மேலே போகிறது. மூளை தனக்குப் பழக்கமான ஒரு பெயரை அதற்குக் கொடுக்கிறது: எறும்பு.

இதோடு தோலும் மாறுகிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடங்களில் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது. எண்ணெய்ப்பசையும் ஈரமும் குறைகின்றன. தோல் மெலிந்து வறளும்போது, அதில் உள்ள நுண்ணிய நரம்பு முனைகள் சின்ன உரசலுக்கும் சிலிர்த்துக்கொள்கின்றன. மூன்றாவது, உடம்பின் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி. முன்பெல்லாம் பொறுத்துக்கொண்ட சின்ன வெப்ப மாற்றத்தையும் இப்போது அது பெரிய ஆபத்தாக எடுத்துக்கொண்டு, ரத்தக் குழாய்களை விரித்து வியர்க்கவைக்கிறது. சூடு ஏறுவதற்குச் சற்று முன்னால் பல பெண்களுக்குக் கரண்ட் அடித்தது போல ஒரு வெட்டு வருகிறது. எனக்கு வந்ததும் அதுதான்.

எறும்பும் கரண்டும் தவிர இன்னும் சில உண்டு. எதுவும் சாப்பிடாமலே நாக்கும் உதடும் மிளகாய் பட்ட மாதிரி எரியும். இந்த நாக்கெரிச்சல் அதிகம் வருவது மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான். சிலருக்கு உள்ளுக்குள் நடுக்கம் தெரியும், கையை நீட்டிப் பார்த்தால் கை ஆடாது. உள்ளங்கால் எரிந்து தரையில் வைத்துத் தேய்க்கத் தோன்றும். விரல் நுனிகள் குத்தும். இதையெல்லாம் அனுபவிக்கிற பெண்ணுக்கு, தோலில் எறும்பு இல்லை என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் அது ஊரும். "உனக்கு மனசுதான் சரியில்லை" என்று வீட்டில் சொல்லும்போது வலிப்பது அதனால்தான். பூச்சி நிஜமாகவே இருக்கிறது என்று நம்பித் தோலைத் தோண்டுவது வேறு நோய். அதற்குத் தனியாக மருத்துவம் வேண்டும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1953-லேயே நியூயார்க்கில் ஹெர்பர்ட் குப்பர்மன் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் மாதவிடாய் நிற்கும்போது வரும் தொந்தரவுகளுக்கு மதிப்பெண் போட ஒரு பட்டியல் தயாரித்தார்கள். மொத்தம் 11 தொந்தரவுகள். அதில் கைகால் மதமதப்பு ஒன்று, எறும்பு ஊர்வது தனியாக இன்னொன்று. மதமதப்புக்குத் தூக்கமின்மைக்குச் சமமான எடை. ஆனால் பின்னால் ஜெர்மனியில் உருவாகி இன்று இந்தியாவிலும் நிறையப் பயன்படும் மெனோபாஸ் ரேட்டிங் ஸ்கேல் என்ற கேள்வித்தாளிலும் 11 கேள்விகள்தான், அதில் எறும்பும் இல்லை, மதமதப்பும் இல்லை. கேள்வித்தாளில் இல்லாததை யாரும் கேட்பதில்லை. நாமும் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் தாராவியில் பார்த்தேன்.

அம்மாவின் ஊர்ப்பக்கத்து அக்கா ஒருவர் அங்கே நாற்பது வருடமாக இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவிப்பார், அவர் வீட்டுக்காரர் அலுமினியப் பாத்திரத்தில் சைக்கிளில் கட்டி எடுத்துப்போய் விற்பார். அக்காவுக்கு வயது 52. மாதவிடாய் நின்று இரண்டு வருடம். "தோலுக்கு உள்ள எறும்பு ஊருத மாதிரி இருக்கு பாத்துக்கோ, தேடுனா ஒண்ணையும் காணல" என்று என்னிடம் சொன்னபோது, நான் என் காலைத் தூக்கிக் காட்டி "எனக்கும்தான் அக்கா" என்றேன். அவர் அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கு முன்பே அவர் ஒரு கிளினிக்குக்குப் போய் வந்திருந்தார். அக்காவுக்கு இந்தி கொஞ்சம் வரும், கூச்சம் நிறைய வரும். மகன் கூடப் போயிருக்கிறான். "உடம்பு பூரா எறும்பு ஓடுது" என்று அம்மா சொன்னதை அவன் "குஜ்லி" என்று சொல்லிவிட்டான். குஜ்லி என்றால் அரிப்பு. மாதவிடாய் நின்ற சேதியை அம்மா மகனை வைத்துக்கொண்டு சொல்லவில்லை, மருத்துவரும் கேட்கவில்லை. சொறிக்குப் போடும் மருந்தை எழுதிக் கொடுத்தார். வீட்டில் எல்லோரும் கழுத்திலிருந்து கால் வரை பூச வேண்டும், துணியையெல்லாம் வெந்நீரில் துவைக்க வேண்டும். ஒரே அறை வீட்டில் ஆறு பேர். குழாயில் தண்ணீர் வருவதோ காலையில் சில மணி நேரம். இட்லிக்கு ஊற வைக்கவே இழுபறியாகும் தண்ணீரில் ஆறு பேர் போர்வையை அவர் அலசியிருக்கிறார், இரண்டு தடவை. எறும்பு போகவில்லை.

மும்பை மாதிரி ஊரில் நோயைவிட முதலில் மொழிபெயர்ப்பில்தான் நாம் தடுக்கி விழுகிறோம். தமிழில் இதற்கெல்லாம் துல்லியமான சொற்கள் இருக்கின்றன. மரத்துப்போவது என்றால் தொட்டால் தெரியாது. மதமதப்பு என்றால் தெரியும், ஆனால் நடுவில் பஞ்சு வைத்த மாதிரி இருக்கும். விறுவிறுப்பு, எரிச்சல், சுரீர், குடைச்சல், நமைச்சல், ஊர்வது எல்லாம் தனித்தனி. ஒவ்வொன்றும் மருத்துவரை ஒவ்வொரு திசைக்கு அனுப்பும். "ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்" என்று முடித்துக்கொண்டால் அவருக்குத் திசையே கிடைக்காது. இந்தியில் விறுவிறுப்புக்கு ஜுன்ஜுனி என்பார்கள், மரத்துப்போவதற்கு சுன். மராத்தியில் அந்த முங்க்யா. இந்த மூன்று சொல்லைத் தெரிந்து வைத்திருந்தால், துணைக்கு ஆள் தேவையில்லை.

சரி, நாற்பத்தைந்து தாண்டிவிட்டது, எறும்பு ஊர்கிறது, அப்படியென்றால் மெனோபாஸ்தான் என்று முடிவு கட்டலாமா? இங்கேதான் அந்த மீதிப் பாதி பயம் வேண்டும். இதே வயதில், இதே உணர்வோடு வரும் வேறு கோளாறுகள் நிறைய, அதில் பலவற்றைச் சுலபமாகச் சரிசெய்ய முடியும். விட்டுவிட்டால் சிலவற்றில் கெட்டது திரும்பச் சரியாகாது.

முதலில் சர்க்கரை. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருக்கிறது, 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்கிறார்கள். சர்க்கரை கெடுக்கும் நரம்பு பாதத்தில் தொடங்கும், இரண்டு காலிலும் ஒரே மாதிரி இருக்கும், மெல்ல மேலே ஏறும். மெனோபாஸ் எறும்புக்கு இந்த ஒழுங்கு கிடையாது. இன்றைக்குக் கெண்டைக்காலில், நாளைக்கு முதுகில், அடுத்த வாரம் தலையில் என்று இடம் மாற்றும், பிறகு பத்து நாள் காணாமல் போகும். உங்கள் எறும்பு இடம் மாறுகிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா என்று கவனித்துச் சொல்வதே பாதி பரிசோதனை.

அடுத்தது பி12 வைட்டமின் குறைவு. மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கம் சைவம் சாப்பிடும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அங்கே இது வீட்டுக்கு வீடு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பி12 பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் இருக்கிறது. மாவு புளிப்பதால் இட்லியில் பி12 வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு, அதை நம்பி இருக்க முடியாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் எடுத்தாலும், அசிடிட்டி மாத்திரை தினமும் போட்டாலும் பி12 உடம்பில் சேர்வது குறையும். அப்படிப்பட்டவர்கள் மீன் சாப்பிட்டாலும் போதாது. ரத்தத்தில் மில்லிக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு. காலில் விறுவிறுப்பு, இருட்டில் நடந்தால் தள்ளாட்டம், மறதி என்று வளரும். நெடுநாள் விட்டால் தண்டுவடமே கெடும், அப்புறம் ஊசி போட்டாலும் முழுதாகத் திரும்பாது.

இதில் ஒரு எச்சரிக்கை. நரம்புக்கு நல்லது என்று மெடிக்கலில் வாங்கும் வைட்டமின் மாத்திரைகள் பலவற்றில் பி6 இருக்கும். அதை அதிக அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுத்து விறுவிறுப்பை உண்டாக்கும். இரண்டு மூன்று விதமான சத்து மாத்திரைகளை ஒன்றாக எடுக்கிறவர்கள் அட்டையைத் திருப்பிப் பார்த்துக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ராத்திரியில் கை விறுவிறுத்து எழுப்பிவிடுகிறது, கையை உதறினால் சரியாகிறது, கட்டைவிரலிலிருந்து மோதிர விரல் பாதி வரைதான் இருக்கிறது, சுண்டுவிரலுக்கு ஒன்றும் இல்லை என்றால் அது மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவது. கார்ப்பல் டனல் என்பார்கள். நாற்பதுகளின் நடுவிலிருந்து அறுபது வரை உள்ள பெண்களுக்கு இது அதிகம். மாவு பிசைவது, துணி பிழிவது, கீபோர்டு எல்லாம் அதை மோசமாக்கும். ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கட்டிக்கொண்டாலே பலருக்குக் குறையும். சாயந்தரம் ஆனால் கால் சும்மா இருக்க விடாது, நடந்தால் தேவலை, படுத்தால் திரும்ப வரும் என்றால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். தைராய்டு கோளாறு, கால்சியம் குறைவு, கழுத்தெலும்புத் தேய்மானம், மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது, இவையும் பட்டியலில் உண்டு. ஒரு பக்கமாக மட்டும், பட்டை போட்ட மாதிரி எரிந்தால் அக்கி வரப்போகிறதா என்று பார்க்க வேண்டும், கொப்புளம் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும்.

நேரம் கடத்தக் கூடாதவற்றை அழுத்திச் சொல்கிறேன். ஒரு பக்கக் கைகால் திடீரென்று மரத்து வலுவிழப்பது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது பக்கவாதம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. காலில் தொடங்கும் விறுவிறுப்பு நாளுக்கு நாள் மேலே ஏறி, எழுந்து நிற்க முடியாமல் போனால் அது குய்லான் பாரே நோயாக இருக்கலாம். 2025 தொடக்கத்தில் புனேயில் பலருக்கு வந்ததே, அதுதான். உட்காரும் இடம் மரத்துச் சிறுநீர் போவது தெரியாவிட்டாலும், நெஞ்சிலோ தாடையிலோ இடது கையிலோ சுரீரென்ற உணர்வோடு மூச்சுத் திணறி வியர்த்தாலும், "இது அந்த வயசுக் கோளாறு" என்று படுத்துக்கொள்ளக் கூடாது. 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

அக்காவை நான் கூட்டிக்கொண்டு போனேன். முனிசிபல் ஆஸ்பத்திரி, கேஸ் பேப்பர், நீண்ட வரிசை, அப்புறம் ஒரு இளம் பெண் மருத்துவர். அவர் கேட்ட முதல் கேள்வியே "பீரியட்ஸ் எப்போது நின்றது?" என்பதுதான். இரண்டாவது, "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" ஏழு வருடமாக மெட்ஃபார்மின். பி12 எடுத்துப் பார்த்தால் 148. ஊசி போட ஆரம்பித்த மூன்று மாதத்தில் பாதத்தில் இருந்த விறுவிறுப்பு பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் மேல்கையிலும் முதுகிலும் ராத்திரி ஊர்வது போகவில்லை, அது சூடு ஏறுவதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஆக, அக்காவுக்கு இரண்டு எறும்பு. ஒன்று பி12 குறைவால் வந்தது, இன்னொன்று வயதால் வந்தது. மெனோபாஸ் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால் முதல் எறும்பு தண்டுவடம் வரை போயிருக்கும். பி12 மட்டும்தான் என்று நினைத்திருந்தால் இரண்டாவது எறும்பைப் பார்த்து, ஊசி வேலை செய்யவில்லை என்று நிறுத்தியிருப்பார்.

நரம்புப் பரிசோதனை எடுத்து "நார்மல்" என்று வந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கையிலும் காலிலும் மின்சாரம் கொடுத்து எடுக்கும் அந்த என்சிவி பரிசோதனை, தடித்த நரம்பு இழைகளின் வேகத்தைத்தான் அளக்கிறது. சூடு, அரிப்பு, எரிச்சல் இவற்றைக் கொண்டுவரும் மெல்லிய இழைகள் அதில் தெரியாது. அதனால் நார்மல் ரிப்போர்ட் என்பது பெரிய நரம்புகள் நன்றாக இருக்கின்றன என்ற நல்ல சேதி. உங்கள் எறும்பு பொய் என்று அதற்கு அர்த்தமில்லை.

வேறு கோளாறு இல்லை, அல்லது இருந்ததைச் சரிசெய்தாயிற்று. அப்புறம்? குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சையைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது, ஏனென்றால் நம்மிடம் அதைப் பற்றிய பயம் மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கிறது. 2002-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில் மார்பகப் புற்றுநோயும் ரத்தக்கட்டியும் கூடுவதாகத் தெரிந்ததும் உலகம் முழுக்கப் பெண்கள் அதை நிறுத்தினார்கள். அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பது அவ்வளவு தூரம் பரவவில்லை. பிறகு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்ததில், 60 வயதுக்குக் கீழே அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்கு நன்மையே கூடுதல் என்று தெளிவானது. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, பக்கவாதம், ஈரல் நோய் வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்களுக்கும் இது பொதுவாக ஆகாது. கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டரோன் என்ற இன்னொரு ஹார்மோனையும் எடுத்தே ஆக வேண்டும்.

சின்ன வயதிலேயே கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்கள் விஷயம் தனி. அவர்களுக்கு ஹார்மோன் ஒரே நாளில் வற்றுகிறது, தொந்தரவும் மூர்க்கமாக வரும். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் பலருக்கு இருபதுகளிலும் முப்பதுகளிலும் கர்ப்பப்பை எடுக்கப்பட்டது 2019-ல் பெரிய சேதியானது. அந்தப் பெண்களின் நரம்பு இன்றைக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு அடிக்கடி நினைவு வரும். கர்ப்பப்பையை எடுத்தாயிற்று என்று மட்டும் சொல்லாமல், சினைப்பை இருக்கிறதா இல்லையா என்பதை டிஸ்சார்ஜ் பேப்பரில் பார்த்துச் சொல்வது மிக முக்கியம்.

நான் தோலில் தேய்க்கும் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும் ராத்திரி புரோஜெஸ்டரோன் மாத்திரையும் எடுக்கிறேன். இரண்டு மாதத்தில் சூடும் கரண்டும் அடங்கின. எறும்பு குறைந்தது, போகவில்லை. ஹார்மோன் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு மருந்துகளும் உண்டு. கபாபென்டின் சூட்டையும் நரம்பு எரிச்சலையும் குறைக்கும், ஆனால் தூக்கமும் தலைச்சுற்றலும் தரும். மருத்துவர் சொல்லாமல் தொடங்கவோ சட்டென்று நிறுத்தவோ கூடாது.

மருந்துக்கு வெளியே நாமே செய்வதில் எனக்கு அதிகம் உதவியது ஈரத்துணி. எறும்பு ஊரும்போது சொறிந்தால் தோல் புண்ணாகும், அரிப்பும் கூடும். அந்த இடத்தில் குளிர்ந்த ஈரத் துண்டைப் போட்டு உள்ளங்கையால் அழுத்தி மெல்லத் தடவினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்குகிறது. இதற்குக் காரணம் உண்டு. 1965-ல் மெல்சாக், வால் என்ற இருவர் சொன்ன கருத்துப்படி, தொடுதலைக் கொண்டுவரும் தடித்த இழைகள் தண்டுவடத்தின் வாசலை அடைத்துக்கொண்டால் மெல்லிய இழைகளின் சேதி உள்ளே போவது குறையும். கதவில் இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தேய்ப்பது இதனால்தான். ஐஸை நேராக வைக்காதீர்கள். மரத்துப்போன காலில் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், சுடுவது தெரியாமல் தோல் வெந்துவிடும். சர்க்கரை உள்ளவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

குளியலை வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் முடித்து, தோல் ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசரோ தேங்காய் எண்ணெயோ பூசினால் வறட்சியால் வரும் பங்கு குறையும். சிந்தெடிக் நைட்டியை மாற்றிப் பருத்திக்கு வந்தேன். பயம் வந்து வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் விறுவிறுப்பு கூடும். எறும்பு பயத்தைக் கூட்ட, பயம் எறும்பைக் கூட்டும். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடும் மூச்சை நீட்டினால் அந்தச் சுழற்சி நிற்கும். ரயில் கூட்டத்தில் நின்றுகொண்டே இதைச் செய்யலாம். சாயந்தரத்துக்கு மேல் ஃபில்டர் காபியை விட்டேன். அது கஷ்டமாகத்தான் இருந்தது.

இது எவ்வளவு நாள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சூடு ஏறுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் பல வருடம் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வில், அடிக்கடி சூடு ஏறும் பெண்களில் பாதிப் பேருக்கு அது 7.4 வருடத்துக்கு மேல் நீடித்தது. அவ்வளவு நாள் ஒருத்தி வாயை மூடிக்கொண்டு தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். வீட்டில் ஆண்களும் பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அக்காவின் மகன் நல்ல பையன், அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். இப்போது அவன்தான் காலையில் குழாயடிக்குப் போகிறான்.

போன தடவை அக்கா ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனார். "ஹாத்தாலா முங்க்யா யேத்தாத்" என்று மருத்துவரிடம் தானே சொன்னாராம். கையில் எறும்பு வருகிறது. எப்போது என்று கேட்டதும், தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைப் பர்ஸிலிருந்து எடுத்து மேஜையில் பரப்பியிருக்கிறார். எறும்பு வந்த நாளுக்கு 'எ', சூடு வந்தால் 'சூ', கூடவே எத்தனை மணி நேரம் தூங்கினார் என்ற எண். மருத்துவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் எண் புரியும் இல்லையா. 'எ' போட்ட தாள்களில் பெரும்பாலும் 3 என்றும் 4 என்றும் இருந்தது. அதற்கப்புறம் இட்லி அவிக்கும் வேலையை வாரத்தில் மூன்று நாள் அக்காவின் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.